நெடும்பயணத்தில் மலைச் சைக்கிள் தடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு பல நாள் பயணம் கிளம்புகிறவர்களில் சிலர், அதைக் கீழே இறக்காமலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். வழியெங்கும் தடங்கள் இருந்தாலும் இப்படி நடக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததுதான் காரணம். தங்கும் இடத்துக்கு மாலையில் களைத்துப் போய்ச் சேர்ந்தபின் கைப்பேசியில் தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது அந்த வட்டாரத்தின் மிகப் புகழ்பெற்ற தடமாக இருக்கும். அநேகமாக அது மிகக் கடினமானதாகவும் இருக்கும்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெயர் பெற்ற தடத்தைத் துரத்த வேண்டாம். கையில் இருக்கும் நேரத்துக்கும், உங்கள் திறமைக்கும், அன்றைய மண்ணின் ஈரத்துக்கும் பொருந்தும் தடத்தைத் தேடுங்கள். இந்த மூன்றும் பொருந்திவிட்டால், யாரும் கேள்விப்படாத எட்டு கிலோமீட்டர் தடம்கூடப் பயணத்தின் மிகச் சிறந்த நாளாக அமைந்துவிடும்.

1. முதலில் நேரம், அப்புறம்தான் தடம்

பயணத் திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், எங்கே இரவு தங்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் கிடைக்கும் நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். அவைதான் உங்கள் சைக்கிள் நாட்கள். மற்ற நாட்களில் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

மூன்று மணி நேரம் என்பது கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். சைக்கிளை இறக்கி, சக்கரத்தில் காற்று பார்த்து, உடை மாற்றிக் கிளம்ப அரை மணி போய்விடும். திரும்பி வந்து துடைத்து ஏற்ற இன்னொரு அரை மணி ஆகும். மிஞ்சுவது இரண்டு மணி நேரம். ஒற்றையடித் தடத்தில் புதியவர் மணிக்கு எட்டு முதல் பத்து கிலோமீட்டர்தான் போக முடியும்; ஏற்றம் அதிகமாக இருந்தால் அதுவும் குறையும். மூச்சு வாங்க நிற்பதையும் வழி பார்க்க நிற்பதையும் கழித்தால் 12 முதல் 15 கிலோமீட்டர் வரைக்கும் திட்டமிடலாம். தார்ச் சாலையில் இதே தூரத்தை முக்கால் மணியில் கடக்கிறவர்கள் இந்தக் கணக்கை நம்ப மாட்டார்கள். தடத்தில் இறங்கியதும் நம்புவார்கள்.

முடிந்தால் காலை வேளையைச் சைக்கிளுக்குக் கொடுங்கள். கோடையில் உயரமான மலைப்பகுதிகளில் பிற்பகலில் இடிமழை திரள்வது வழக்கம். காலையில் கிளம்பினால், சக்கரம் பஞ்சராகி நடந்து வர நேர்ந்தாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து விலகிப் போகும் தூரத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஒரு வழிக்கு அரை மணிக்கு மேல் விலக வேண்டியிருந்தால், அங்கேயே இரவு தங்கும்படி திட்டத்தை மாற்றுங்கள்.

2. எங்கே தேடுவது?

டிரெயில்ஃபோர்க்ஸ் செயலியில் ஆரம்பியுங்கள். மலைச் சைக்கிளுக்கென்றே உருவானது. ஓட்டுகிறவர்களே தகவல் சேர்ப்பது. உலகெங்கும் உள்ள ஏராளமான தடங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு தடத்துக்கும் கடினநிலை, நீளம், ஏற்ற இறக்கம், எந்தத் திசையில் ஓட்ட வேண்டும், கடைசியாக யார் எப்போது நிலவரம் எழுதினார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். கட்டணம் செலுத்தாதவர்களுக்கு எல்லாப் பகுதியும் முழுமையாகத் திறக்காது என்பதால், வழியில் வரும் ஊர்களைப் புறப்படும் முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் எம்டிபி புராஜெக்ட் தளமும், ஐரோப்பாவில் கோமூட் செயலியும் நல்ல துணை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடம். பயனாளர்கள் பொதுவில் பகிர்ந்த பயணப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதிகம் பேர் போன பாதையைப் பிரகாசமான கோடாக அது காட்டுகிறது. பழைய வரைபடத்தில் இருக்கும் ஒரு தடம் இங்கே மங்கலாகவோ காணாமலோ இருந்தால், புதர் மண்டியிருக்கவோ மூடப்பட்டிருக்கவோ வாய்ப்பு அதிகம். ஆனால் கோடு பிரகாசமாக இருப்பதாலேயே அங்கே ஓட்ட அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. தடை செய்யப்பட்ட பாதையிலும் ஆட்கள் போகத்தான் செய்கிறார்கள், அதுவும் பதிவாகத்தான் செய்கிறது.

மூன்றாவது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கிய இந்தத் திறந்த வரைபடத்தில் பாதையின் தரைப்பரப்பு, சைக்கிளுக்கு அனுமதி, மலைச் சைக்கிள் கடினநிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் வசதி உண்டு. வேறு செயலிகள் பலவும் இதிலிருந்துதான் பாதைகளை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டு செயலிகள் ஒரே பாதையைக் காட்டினால், அதை இரண்டு சாட்சிகளாக எண்ணிவிட வேண்டாம். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம்.

3. தனித் தடத்தைவிடத் தடத் தொகுதி மேல்

ஒரே வாகன நிறுத்தத்திலிருந்து பல தடங்கள் கிளைத்துப் பரவும் இடங்கள் உண்டு. பயணத்தில் இருப்பவருக்கு இவைதான் வரம். நியூசிலாந்தில் ரோட்டருவா அருகிலுள்ள வாக்காரேவாரேவா காடு, ஸ்காட்லாந்தில் கிளென்ட்ரெஸ், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒருகாலத்தில் தகரச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த டெர்பி ஆகியவை இப்படிப்பட்டவை. மூன்றும் பெயர் பெற்றவை என்றாலும், அவற்றின் அமைப்பைக் கவனியுங்கள்: எளிய தடத்தில் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம், கால் ஒத்துழைத்தால் அடுத்த நிலைக்குப் போகலாம், மழை வந்தால் சீக்கிரம் காருக்குத் திரும்பலாம். இதே அமைப்பைச் சிறிய ஊர்களின் ஓரத்திலும் தேடுங்கள். வரைபடத்தில் கோடுகள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடியும் நீண்ட தடத்துக்கு, முடிவில் உங்களை ஏற்றிவர ஒரு வண்டி வேண்டும். அமெரிக்காவின் மோவாபில் உள்ள ஹோல் என்சிலாடா அப்படிப்பட்டது. முதல் பயணத்தில் இத்தகைய தடங்களை விட்டுவிடுங்கள். சைக்கிளோடு மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் வசதியுள்ள பைக் பார்க், அதாவது சைக்கிள் ஓட்டவென்றே அமைத்த இடம், வழியில் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அறிவிப்புப் பலகைகள் தெளிவாக இருக்கும், சைக்கிளும் கவச உடையும் பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும்.

4. நிறத்தை நம்புவதற்கு முன்

தடங்களுக்கு நிறம் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். எல்லா நாட்டிலும் ஒரே நிறம் ஒரே பொருளைத் தருவதில்லை. 1988-இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் முறையில் வெள்ளை வட்டம் மிக எளிது. அதற்கு மேல் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகும். நியூசிலாந்தில் 1 முதல் 6 வரை எண்கள். ஜெர்மன் மொழி பேசும் ஆல்ப்ஸ் பகுதிகளில் எஸ்0 முதல் எஸ்5 வரை. அங்கே எஸ்2 என்றாலே பெரிய வேர்களும் படிகளும் வரும், புதியவருக்கு அது போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தச் சங்கத்தின் அளவுகோல் எதை அளக்கிறது என்று தெரிந்தால், நிறத்துக்குப் பின்னால் இருக்கும் தரை கண்முன் வரும். பச்சைத் தடம் ஏறத்தாழ 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். சராசரிச் சரிவு 5 சதவீதத்துக்குள். தவிர்க்க முடியாத தடை 5 செ.மீ. உயரத்துக்குள். நீலத்தில் அகலம் 60 செ.மீ., சரிவு 10 சதவீதம் வரை, தடை 20 செ.மீ. வரை. கறுப்பில் அகலம் 30 செ.மீ. ஆகக் குறையும், சரிவு 15 சதவீதம் வரை போகும், தடை முழங்கால் உயரத்தை நெருங்கும். அதாவது நீலத்தில் 20 செ.மீ. உயர வேரோ கல்லோ வழியை மறிக்கலாம், சுற்றிப்போக இடம் இருக்காது. முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டப் பழகாதவருக்கு அது பெரிய விஷயம். ஆகவே புதிய வட்டாரத்தில் முதல் தடத்தை, நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலைக்கு ஒரு படி கீழே தேர்ந்தெடுங்கள். நீலம் ஓட்டுகிறவர் பச்சையில் ஆரம்பிக்கட்டும். அந்த வட்டார மண்ணும், அங்கே நிறம் கொடுத்தவரின் மனமும் பிடிபட்ட பிறகு ஏறிக்கொள்ளலாம்.

வரைபடத்தில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்த மதிப்பீட்டையும் நீங்களே சரிபார்க்கலாம். தடத்தின் கோடு சம உயரக் கோடுகளையொட்டிச் சாய்வாகப் போனால், மலைச்சரிவைச் சுற்றி மெல்ல ஏறும் தடம். அவற்றைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போனால், தண்ணீர் வடியும் திசையிலேயே இறங்கும் தடம். மழைநீர் அதிலேயே ஓடி மண்ணை அரித்திருக்கும். சரளையும் வெளித்தெரியும் வேர்களும் காத்திருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு நூறு மீட்டர் ஏற்றம் என்பது பத்து சதவீதச் சரிவு. அந்தச் சரிவில் இரண்டு கிலோமீட்டர் மிதிக்க முடியுமா என்று உங்கள் கால்களைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு நிலவரக் குறிப்புகளின் தேதியைப் பாருங்கள். டிரெயில்ஃபோர்க்ஸில் சேறு, ஈரம், உகந்த நிலை, காய்ந்த நிலை, பனி என்றெல்லாம் ஓட்டியவர்கள் பதிவிடுகிறார்கள். மூன்று நாட்களுக்கு முன் எழுதிய ‘மரம் விழுந்து கிடக்கிறது’ என்ற ஒரு வரி, மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய பாராட்டுரைகளையெல்லாம்விட மதிப்புள்ளது. திசையைக் கவனிக்கத் தவறாதீர்கள். இறக்கத்துக்கு மட்டும் என்று குறித்த தடத்தில் மேல்நோக்கி மிதித்துப் போவது உங்களுக்கும் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து. காணொளிகளைப் பார்த்துச் சரிவைக் கணிக்க வேண்டாம். தலைக்கவசத்தில் பொருத்திய கேமரா எந்தச் சரிவையும் தட்டையாக்கிக் காட்டும். பாறைகளின் அளவையும் தடத்தின் அகலத்தையும் தெரிந்துகொள்ள மட்டும் அவை உதவும்.

5. ஓட்ட அனுமதி இருக்கிறதா?

ஊருக்கு ஊர் சட்டம் மாறும். பல எல்லைகளைக் கடக்கும் பயணத்தில் இதைப் புறக்கணிக்க முடியாது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் சைக்கிள்காரருக்குப் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையைத் தருகிறது. எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழைந்தால், குதிரைப் பாதைகளில் சைக்கிள் போகலாம். நடைபாதையாகக் குறிக்கப்பட்டவற்றில் போக உரிமை இல்லை. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதைகளில் பொதுவாகச் சைக்கிளுக்குத் தடை. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வன்நிலமாக, அதாவது இயற்கை மாறாமல் காக்கப்படும் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்குள் சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள நெடிய நடைப்பயணப் பாதையான பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் முழுவதும் சைக்கிளுக்கு மூடப்பட்டது. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதற்கென்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியார் நிலத்தின் வழியே போகும் தடங்கள் எந்த நேரமும் மூடப்படலாம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் உள்ள கிங்டம் டிரெயில்ஸ் என்ற தடத் தொகுதி பல நில உரிமையாளர்களின் சம்மதத்தில் இயங்குகிறது. அங்கே ஓட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2019 டிசம்பரில் நில உரிமையாளர்கள் சிலர் சைக்கிளுக்கான சம்மதத்தை விலக்கிக்கொண்டபோது, பலருக்குப் பிடித்த தடங்கள் கைவிட்டுப் போயின. விருந்தாளியாக வந்து போகும் நாம், வாயிற்கதவை எப்படிக் கண்டோமோ அப்படியே விட்டுச் செல்வதும், தடம் தவிர்த்துப் புல்வெளியில் இறங்காமல் இருப்பதும் அங்கே வாழ்கிறவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

6. அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்

அந்த ஊர் சைக்கிள் கடைக்கு முந்தைய நாளே தொலைபேசியில் பேசிவிடுங்கள். ‘நல்ல தடம் எது?’ என்று கேட்டால், அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். அவர்கள் தினமும் ஓட்டுகிறவர்கள். கேள்வியைக் கூர்மையாகக் கேளுங்கள்: “நான் புதியவன், இரண்டு மணி நேரம் இருக்கிறது, பெரிய படிகளில் இறங்கத் தெரியாது, நேற்றைய மழைக்குப் பிறகு எது காய்ந்திருக்கும்?” இதற்குக் கிடைக்கும் பதில் தனி ரகமாக இருக்கும். எங்கே நிறுத்தினால் காருக்குப் பாதுகாப்பு, எந்தச் சந்திப்பில் எல்லோரும் வழி தவறுகிறார்கள், வேட்டைப் பருவமா, மரம் வெட்டும் வேலை நடக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். தடங்களைப் பராமரிக்கும் தன்னார்வச் சங்கம் இருந்தால், அவர்களுடைய அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். மூடல் அறிவிப்பு பெரும்பாலும் முதலில் அங்கேதான் வரும்.

7. மண்ணைப் பாருங்கள்

மணற்பாங்கான மண் மழைநீரை விரைவில் உறிஞ்சிவிடும்; லேசான ஈரத்தில் அது இறுகி, ஓட்டுவதற்கு இன்னும் நன்றாக இருக்கும். களிமண் நேர்மாறானது. ஒரு நாள் மழைக்குப் பல நாள் ஈரம் தாங்கும். சக்கரத்தில் அப்பிக்கொண்டு, சட்டத்துக்கும் டயருக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைத்து, சக்கரம் சுழலாமல் செய்துவிடும். அந்த ஈரத்தில் பதியும் சக்கரத் தடம் காய்ந்ததும் கல்லாக இறுகி, அடுத்து வருகிறவரின் முன்சக்கரத்தைத் தடுமாறவைக்கும்.

தொடக்கத்திலேயே ஐம்பது அடி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். திரும்பிப் பார்க்கும்போது டயரின் பூ அச்சு மட்டும் லேசாகத் தெரிந்தால் போகலாம். பள்ளமாகக் கோடு விழுந்திருந்தால், காலணியின் அடியில் மண் கட்டியாக ஒட்டியிருந்தால், சைக்கிளைத் திருப்புங்கள். அதற்காகத்தான் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மாற்று இடம் வேண்டும் என்கிறேன்: பாறைத் தரை, சரளையிட்ட காட்டுச் சாலை, அல்லது தார் பூசிய பம்ப் டிராக் (மேடு பள்ளங்களாக அமைத்த சிறு சுற்றுப்பாதை). குளிர்காலத்தின் கடைசியில் இரவில் உறைந்து பகலில் உருகும் தடத்தில் அதிகாலையில் ஓட்டலாம். பத்து மணிக்கு மேல் அது சேறாகிவிடக்கூடும். வட அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த சரிவுகளில் பனி கடைசியாகத்தான் கரையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. காரிலும் பையிலும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பின்புறத் தாங்கியில் மாட்டும்போது டயர் புகைபோக்கிக்கு நேராக வராமல் பாருங்கள். நீண்ட ஓட்டத்தில் அந்த வெப்பம் டயரையும் வளையத்தையும் கெடுத்துவிடும். கூரையில் மாட்டியிருந்தால் மொத்த உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். இரவில் சைக்கிளை வெளியே விடாதீர்கள்.

உபரிப் பொருட்களில் முக்கியமானது, பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு, அதாவது ஹேங்கர். சைக்கிளுக்குச் சைக்கிள் அது மாறும். உங்கள் வண்டிக்குப் பொருந்துவது வழியில் உள்ள கடையில் கிடைக்காமல் போகலாம். அதோடு டியூப், பம்பு, சங்கிலி இணைப்பு, முதலுதவிப் பொருட்கள், தேவைக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர்.

வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முந்தைய இரவே இறக்கிவையுங்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் கோபுரச் சமிக்ஞை இல்லாமலும் வேலை செய்யும். வரைபடம் இல்லாவிட்டால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரியும். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அதற்கு மேல் எத்தனை மணி வரை பொறுத்துவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும் என்று ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

9. தடத்தில் இறங்கியபின்

பயணக் குலுக்கலுக்குப் பிறகு சக்கர அச்சுகள், கைப்பிடித் திருகுகள், பிரேக் ஆகியவற்றைக் கையால் சோதியுங்கள். பல மணி நேரம் உட்கார்ந்தே வந்த உடம்புக்கு முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாக இருக்கட்டும். நுழைவாயில் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மூடப்பட்ட தடங்களும் அவசரத் தொலைபேசி எண்ணும் அதில்தான் இருக்கும்.

நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். குதிரையைக் கண்டால் நின்று, குரல் கொடுத்துப் பேசுங்கள். மனிதக் குரல் கேட்டால் அது மிரள்வது குறையும். ஒதுக்கிவைத்த நேரத்தில் பாதி கழிந்ததும், எங்கே இருந்தாலும், மிச்சத் தூரத்தையும் ஏற்றத்தையும் பாருங்கள். சுற்றின் பாதியை எட்டவில்லையென்றால் வந்த வழியே திரும்புவதுதான் சரி. ஒருவழித் தடமாக இருந்தால், அருகிலுள்ள காட்டுச் சாலைக்கு விலகி இறங்குங்கள். அந்தச் சாலை எங்கே குறுக்கிடுகிறது என்பதை முதலிலேயே குறித்துவைத்திருக்க வேண்டும். இறங்கத் தயக்கமாக இருக்கும் இடத்தில் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்து போங்கள். தேர்ந்தவர்களும் புதிய தடத்தின் கடினமான பகுதியை முதலில் நடந்துதான் பார்க்கிறார்கள்.

10. அடுத்த ஊருக்குக் கிளம்பும் முன்

டயரில் ஒட்டிய சேறு அடுத்த காட்டுக்கு விதைகளையும் நோய்க்கிருமிகளையும் சுமந்து போகும். நியூசிலாந்தின் கௌரி மரங்களை அழிக்கும் நோய் மண் வழியாகப் பரவுவதால், அங்கே காட்டுப் பாதைகளின் வாயிலில் காலணி கழுவும் இடங்களை அமைத்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் பல காடுகளைத் தொடும் உங்களைப் போன்ற பயணிகளுக்கு இந்தக் கவனம் மற்ற எவரையும்விட அதிகம் தேவை. டயர், மிதிகட்டை, காலணி மூன்றையும் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பிரேக் வட்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியே காரில் ஏறுவதற்கு முன், டிரெயில்ஃபோர்க்ஸில் அன்றைய நிலவரத்தை எழுதிவிடுங்கள். எந்த இடத்தில் மரம் விழுந்திருக்கிறது, எந்த வளைவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, எந்தப் பலகை காணாமல் போயிருக்கிறது என்று இரண்டு வரி போதும். இடத்தைக் குறிக்க ஒரு புகைப்படத்தையும் சேர்த்தால், அதைச் சரிசெய்யப் போகும் தன்னார்வலர்களுக்குத் தேடும் வேலை மிச்சமாகும்.